நூறு கிராமுக்கு நகரும் பல்

புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள வீராம்பட்டினத்தில் நண்டுக் குழம்பு வைத்த வீடுகளில் பாத்திரம் காலியாவதற்கு முன்பு ஒரு சத்தம் கேட்கும். நண்டின் காலோட்டைக் கடைவாயில் கொடுத்து ஒரே கடி, ஓடு நொறுங்கும். கடினமான பொருளைக் கடிக்கும்போது பல்லின் மேல் இறங்கும் விசை 50 கிலோ வரைகூடப் போகும். ஆனாலும் பல் இடம் மாறுவதில்லை. அறுபது வருடமாக நண்டு தின்ற பாட்டியின் கடைவாய்ப்பல்லும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அதே வீட்டில் பதினான்கு வயதுப் பேத்தி பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் சின்னச் சுருள்வில்லின் விசை 100 முதல் 150 கிராம்தான். அந்த விசைக்குப் பல் மாதம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது.

50 கிலோவுக்கு அசையாத பல் நூறு கிராமுக்கு நகர்வது எப்படி? கிளிப் போடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் எந்தத் தாய்க்கும் இதனோடு இன்னொரு கேள்வியும் எழும்: எலும்புக்குள் புதைந்திருக்கும் பல்லை இழுத்தால் எலும்பு கிழியாதா, பிறகு பல் ஆடிக் கழன்றுவிடாதா? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தின் அகலம் கால் மில்லிமீட்டர்.

கால் மில்லிமீட்டர் இடைவெளி

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. வேரின் மேல் பற்காரை என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. வெளியே எலும்பாலான பற்குழியின் சுவர். இந்த இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நார்கள் குறுக்கே ஓடுகின்றன. ஒவ்வொரு நாரின் ஒரு முனை பற்காரையிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கிறது. மருத்துவர்கள் பெரியோடான்டல் லிகமென்ட் என்று சொல்லும் இதை நாம் பற்பிணை நார் என்று அழைப்போம். பல் அந்த நார்களில் தொங்கியபடிதான் குழிக்குள் இருக்கிறது.

நார்களுக்கு இடையில் நீர்மம் நிறைந்திருக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் அங்கே உண்டு. நாரை நெய்யும் செல்கள், எலும்பைக் கட்டும் செல்கள், இன்னும் எதுவாக மாறுவது என்று முடிவாகாத இளம் செல்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. உடம்பில் இவ்வளவு வேகமாகத் தன்னைப் பிரித்துப் புதிதாக நெய்துகொள்ளும் இணைப்புத் திசு வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

இப்போது நண்டுக்கு வருவோம். பல் ஓட்டைக் கடித்த அந்த நொடியில் வேரைச் சுற்றியுள்ள நீர்மம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. நீர்மத்தை நசுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே சுமை முழுவதும் குழியின் சுவரெங்கும் பரவுகிறது. எலும்பும் மிக மிகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. ஒரு நொடிக்குள் ஓடு உடைந்து கடி முடிந்துவிடும்.

கடித்தபடியே அழுத்தி வைத்திருந்தால் கதை வேறு. ஓரிரு நொடியில் நீர்மம் பிதுங்கி வெளியேறும், பல் நார்ப்படுகைக்குள் சற்றே சாயும். அழுத்தம் பலமாக இருந்தால் மூன்று முதல் ஐந்து நொடியில் வலி வந்துவிடும், நாமே வாயைத் திறந்துவிடுவோம். 50 கிலோவுக்கும் நூறு கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை எடையில் தேடினால் கிடைக்காது, நேரத்தில்தான் தேட வேண்டும். ஒரு நாளில் குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேரமாவது விசை விடாமல் இருந்தால்தான் பல் நகரத் தொடங்கும் என்பது பல் சீரமைப்பு மருத்துவத்தில் நெடுநாளைய கணக்கு. எப்போதாவது கட்டைவிரல் சூப்பும் குழந்தைக்கு முன்பல் தூக்குவதில்லை, இரவெல்லாம் விரலை வாயில் வைத்துத் தூங்கும் குழந்தைக்குத் தூக்குகிறது. காரணம் இதுதான்.

விரலால் தள்ளியவர்கள்

வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலிய மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தக் கரைக்கும் ரோமானிய உலகுக்கும் இடையே நடந்த வணிகத்தை அவை காட்டின. ஏறத்தாழ அதே காலத்தில் ரோமில் செல்சஸ் என்பவர் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். பால்பல் விழாமல் இருக்கும்போதே புதுப்பல் முளைத்தால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் அது சரியான இடத்துக்கு வந்துவிடும் என்று அதில் அறிவுரை இருக்கிறது.

நம் ஊர்ப் பாட்டிகளும் இப்படிச் சொல்வதுண்டு. முளைத்துக்கொண்டிருக்கும் பல் என்பதால் இந்த யோசனை ஓரளவு பலித்திருக்கும். தடையாக நின்ற பால்பல் போனதும் நாக்கும் உதடும் நாளெல்லாம் கொடுக்கும் மெல்லிய அழுத்தமே புதுப்பல்லை வரிசைக்குள் கொண்டுவந்துவிடும். விரலின் பங்கு அதில் சொற்பம்தான்.

1728இல், புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த காலத்தில், பாரிஸில் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்தைப் பற்றிய தம்முடைய பெரிய நூலை வெளியிட்டார். லாட வடிவத்தில் ஓர் உலோகப் பட்டை, அதில் துளைகள், துளைகள் வழியே நூல் கோத்துப் பற்களைப் பட்டையோடு கட்டுவது என்பது அவர் விவரித்த முறை. விரலை எடுத்த பிறகும் விசை தொடர்ந்து இருக்க வழி கண்டதுதான் அவருடைய பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நூல் கட்டியிருக்கும்போது உள்ளே எலும்பில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதைக் கண்ணால் பார்க்க 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

ஒரு கரையில் அரிப்பு, மறு கரையில் படிவு

ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களின் முன்பற்களை மூன்று வாரம் கம்பியால் இழுத்து நகர்த்தி, பிறகு அந்தப் பற்களையும் சுற்றியுள்ள எலும்பையும் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள்தான் இந்தத் துறையின் அடித்தளம். பல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டதோ அந்தப் பக்கத்துச் சுவரில் எலும்பு கரைந்திருந்தது. எதிர்ப் பக்கத்தில், நார்கள் இழுபட்ட இடத்தில், புதிய எலும்பு படிந்திருந்தது.

வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கரையையே காட்டலாம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் எழுந்தன. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை அரிக்கப்பட்டு மணலே இல்லாமல் போனது. பல்லின் இரு பக்கமும் இப்படித்தான். ஒரு பக்கம் தேய, மறுபக்கம் வளர, நடுவில் இருக்கும் குழி முழுதாக இடம் பெயர்கிறது. ஆனால் கடலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. எலும்பிலோ அரிப்பையும் படிவையும் உயிருள்ள செல்கள் ஒன்றோடொன்று பேசி நடத்துகின்றன.

தாயின் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போவதில்லை, தன் குழியையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது.

ஒரு கோரைப்பல்லின் ஆறு மாதம்

அந்தப் பேத்தியின் பல்லையே பின்தொடர்வோம். அவளுக்கு மேல்தாடையில் இடம் போதவில்லை, கோரைப்பல் வரிசைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள முன்கடைவாய்ப்பல்லை எடுத்தாயிற்று. ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. கோரைப்பல்லிலும் கடைவாய்ப்பல்லிலும் மாட்டிய சுருள்வில் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். நம் வாயிலேயே மிக நீளமான வேர் அதற்குத்தான். அவ்வளவு ஆழத்தில் நங்கூரமிட்ட பல்தான் நகர வேண்டும்.

வில்லை மாட்டிய ஓரிரு நொடியில் பின்பக்க நீர்மம் பிதுங்கி, பல் நார்ப்படுகையின் அகலத்துக்குள் சற்றே சாய்கிறது. இது எலும்பு மாறியதால் வந்த நகர்வு ஆகாது. வில்லைக் கழற்றினால் பல் திரும்பிவிடும்.

சில நிமிடங்களில் பின்பக்க இரத்தக் குழாய்கள் நெரிபட்டு ஓட்டம் குறைகிறது. முன்பக்கத்தில் குழாய்கள் விரிகின்றன. பிராணவாயுவின் அளவு மாறுகிறது. நசுங்கிய செல்களும் இழுபட்ட செல்களும் இரசாயனச் செய்திகளை வெளியிடத் தொடங்குகின்றன. நான்கு மணி நேரம் போல ஆகும்போது செல்களுக்குள்ளேயே செய்தி கடத்தும் பொருள்களின் அளவு கூடுவதை அளக்க முடிகிறது. அந்த நான்கு மணி நேரக் கணக்குக்கு இது பொருந்திவருகிறது.

அன்றிரவு அவளுக்கு வலிக்கும். மறுநாள் வலி உச்சத்தில் இருக்கும், நண்டு வேண்டாம், கஞ்சி போதும் என்பாள். ஒரு வாரத்துக்குள் வலி அடங்கிவிடும்.

இரண்டாம் நாள் வாக்கில் இரத்தத்தின் வழியே முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள். ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக மாறுபவை அவை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். எலும்புகரைப்பான் என்று சொல்லிக்கொள்வோம். சுவரில் ஒட்டி உட்கார்ந்து, விளிம்பை அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன. எஞ்சிய புரதத்தை நொதிகள் அறுக்கின்றன. வேருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன.

முன்பக்கத்தில் வேலை அமைதியாக நடக்கிறது. இழுபட்ட நார்களோடு எலும்பாக்கச் செல்கள் திரளுகின்றன. முதலில் தாது ஏறாத மெத்தென்ற எலும்பை விரிக்கின்றன, பிறகு அது இறுகுகிறது. நார்களின் முனைகள் புதுச் சுவருக்குள் மாட்டிக்கொள்கின்றன.

கரைப்பது விரைவு, கட்டுவது தாமதம். ஓரிடத்தில் எலும்பைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும். கரைந்த அளவை நிரப்பி இறுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். சிகிச்சைக் காலத்தில் எக்ஸ்ரேயில் நார் இடைவெளி அகன்று தெரிவதும், விரல் வைத்தால் பல் இலேசாக ஆடுவதும் இந்தக் கால வித்தியாசத்தால்தான். கிளிப் போட்ட பல் கொஞ்சம் ஆடுகிறது என்று பயந்து கழற்றச் சொல்ல வேண்டியதில்லை. அதிகமாக ஆடினால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாதம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏழு மில்லிமீட்டருக்கு ஏழு மாதம் என்று கணக்கு வரும். ஆறிலேயே முடிவதும் உண்டு. ஏனென்றால் கடைவாய்ப்பல்லும் கொஞ்சம் முன்னே வந்து இடைவெளியின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது.

வீராம்பட்டினத்திலிருந்து கோரிமேட்டிலுள்ள அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது பேருந்துச் செலவை நினைத்து அல்ல. அடிக்கடி போய் வில்லை இறுக்கிக்கொண்டால் பல் சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கரைந்த இடம் ஆறுவதற்கும் நார்கள் திரும்பப் பிணைவதற்கும் அந்த வாரங்கள் தேவை. அதைக் கொடுக்காவிட்டால் எலும்போடு வேரின் நுனியும் கரையத் தொடங்கும்.

கண்ணாடித் திட்டு

இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். விசையைக் கூட்டினால் வேகம் கூட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சான்ட்ஸ்டெட்டின் சீவல்களில் அழுத்தம் மிகுந்த இடங்களில் நார்ப்படுகை செல்களே இல்லாமல் கண்ணாடிபோல் மழுங்கித் தெரிந்தது. இரத்த ஓட்டம் முற்றாக நின்று அந்தத் திட்டில் செல்கள் இறந்துவிட்டிருந்தன. எலும்பைக் கரைக்க வேண்டிய செல்களுக்கு வர வழியும் இல்லை, வாழ இடமும் இல்லை. பல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

பிறகு உடல் வேறு வழி தேடுகிறது. பக்கத்து எலும்பின் மச்சைக்குள்ளிருந்து எலும்புகரைப்பான்கள் கிளம்பி, சுவரைப் பின்பக்கமாக அடியில் குடைந்து வருகின்றன. அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். சுவர் இடிந்ததும் பல் சட்டென்று ஒரு தாவு தாவும், அடுத்த திட்டு வரை. வலி அதிகம், நேரமும் விரயம். மிக மென்மையாக இழுத்தாலும் சின்னத் திட்டுகள் எங்காவது உண்டாகத்தான் செய்யும். அவற்றைச் சின்னதாகவே வைத்திருப்பதில் மருத்துவரின் திறமை இருக்கிறது.

1932இல் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் ஓர் எல்லையைச் சொன்னார்: நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தத்தை விசை மிஞ்சக் கூடாது, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். எல்லோருக்கும் எல்லாப் பற்களுக்கும் பொருந்தும் ஒரே எண் இன்றுவரை கிடைத்துவிடவில்லை. ஆனால் அவருடைய யோசனையின் உயிர் இன்னும் நிற்கிறது.

1952இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டோரி, ஸ்மித் என்ற இருவர் செய்த சோதனை நம் பேத்தியின் பல்லுக்கு அப்படியே பொருந்தும். கோரைப்பல்லை வில்லால் பின்னுக்கு இழுத்து அளந்தார்கள். 150 முதல் 200 கிராம் அளவில் இழுத்தபோது கோரைப்பல் நன்றாக நகர்ந்தது. அதைக் கூட்டி 400 முதல் 600 கிராம் வரை கொடுத்தபோது கோரைப்பல் ஏறக்குறைய நின்றுவிட்டது, பின்னால் பிடிமானமாக வைத்திருந்த கடைவாய்ப்பற்கள் முன்னே வரத் தொடங்கின! அந்தப் பற்களின் வேர்கள் பல, பரப்பு பெரிது. அதே விசை அங்கே பரவி, சதுர சென்டிமீட்டருக்கு மென்மையாகிவிட்டது. வில் தளர்ந்து விசை குறைந்த பிறகே கோரைப்பல் தன் பயணத்தைத் தொடர்ந்தது.

இந்த மென்மையை நாள் கணக்கில் குறையாமல் கொடுக்கக்கூடிய கம்பி வேண்டியிருந்தது. எஃகுக் கம்பி முதல் நாள் பலமாக இழுத்துவிட்டு விரைவில் தளர்ந்துவிடும். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம் ஒன்றை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியசென் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அந்த உலோகத்தில் பிறகு வந்த கம்பி, வெகுவாக வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே மெல்லிய விசையோடு நிமிரும். இன்று சிகிச்சையின் முதல் மாதங்களில் பெரும்பாலான வாய்களில் இருப்பது அந்தக் கம்பிதான்.

யார் கட்டளையிடுகிறார்கள்?

எலும்பு வளையும்போது மிகச் சிறிய மின்னூட்டம் பிறக்கிறது என்று 1957இல் ஜப்பானியர்களான ஃபுகாதாவும் யசூதாவும் காட்டினார்கள். எலும்பைக் கரைக்கவும் கட்டவும் செல்களுக்குக் கட்டளை அதுதான் என்று சில காலம் நம்பப்பட்டது. ஆனால் அந்த மின்னூட்டம் சட்டென்று மறைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் நடக்கும் வேலையை அதை வைத்து மட்டும் விளக்க முடியாது.

1990களின் இறுதியில் தெளிவான விடை கிடைத்தது. நசுங்கிய பக்கத்துச் செல்கள் ராங்க்கெல் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. எலும்புகரைப்பான் உருவாக அதுதான் உத்தரவு. அதைப் பிடித்து முடக்கும் இன்னொரு புரதமும் உண்டு, ஆஸ்டியோபுரோட்டெஜரின். ஒரு பக்கம் முதலாவது மிகுந்தால் எலும்பு கரையும், இரண்டாவது மிகுந்தால் கரைவது நிற்கும். ஜப்பானில் எலிகளின் ஈறில் இந்தப் புரதங்களின் மரபணுவைச் செலுத்திப் பார்த்தபோது, ராங்க்கெல் கூடிய இடத்தில் பல் வேகமாக நகர்ந்தது. மற்றது கூடிய இடத்தில் தயங்கியது.

இன்னொரு செய்திப் பொருள் புரோஸ்டாகிளாண்டின். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதுதான். ஐபுபுரொஃபென் போன்ற மாத்திரைகள் இதன் உற்பத்தியைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. விலங்குச் சோதனைகளில் அவை பல்லின் நகர்வையும் மந்தமாக்கின. ஓரிரு மாத்திரையால் சிகிச்சை கெட்டுவிடாது. ஆனாலும் பல மருத்துவர்கள் பாராசிட்டமாலையே எழுதித் தருவது இதனால்தான். எலும்புத் தேய்வுக்காகப் பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்து எடுப்பவர்கள் கிளிப் போடும் முன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து எலும்புகரைப்பான்களையே முடக்குகிறது.

நகராத பல்

நாரின் பெருமையை அது இல்லாத இடத்தில்தான் முழுமையாகப் பார்க்கலாம். அடிபட்ட பல் சில சமயம் நாரை இழந்து எலும்போடு நேராக ஒட்டிவிடும். அப்படிப்பட்ட பல்லை எத்தனை மாதம் இழுத்தாலும் நகராது. செயற்கைப் பல்லுக்காக எலும்பில் பதிக்கும் டைட்டேனிய இம்பிளான்டும் நகராது. விசை இருக்கிறது, எலும்பும் உயிரோடு இருக்கிறது, ஆனால் செய்தியை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இம்பிளான்ட் வைக்கத் தயங்குவதற்கும் இது ஒரு காரணம். மேல்தாடையில் சுற்றியுள்ள பற்கள் தாடை வளர்ச்சியோடு கீழிறங்கும், இம்பிளான்ட் மட்டும் இருந்த உயரத்திலேயே நின்றுவிடும்.

இந்தக் குறையையே கருவியாக்கியிருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து சின்னத் திருகுகளைத் தாடை எலும்பில் பதித்து, அவற்றிலிருந்து பல்லை இழுக்கிறார்கள். கடைவாய்ப்பல் முன்னே வரும் தொல்லை பெருமளவு குறைகிறது.

இறுகாத நார்கள்

பேத்தியின் கோரைப்பல் இடத்துக்கு வந்துவிட்டது, கம்பியும் கழற்றியாயிற்று. எலும்புக்குள்ளிருக்கும் பிணை நார்கள் புது இடத்துக்கு ஏற்றபடி சீராக மூன்று நான்கு மாதம் எடுக்கும். ஈறிலுள்ள நார்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். ஈறில் பல்லின் கழுத்தைச் சுற்றி, எலும்புக்கு மேலே, ரப்பர்போல் நீளும் இழைகளும் உண்டு. அவை ஒரு வருடம் கழிந்தும் பழைய பக்கமே இழுக்கக்கூடும். சுழன்று நின்ற பல்லைத் திருப்பி வைத்திருந்தால் இந்த இழுப்பு இன்னும் பலம். நார்வேயின் கோரே ரைடான் 1950களில் நாய்களின் பற்களைச் சுழற்றி வைத்துப் பார்த்தபோது, 232 நாள் கழித்தும் ஈறு நார்கள் நீண்டு முறுகியே கிடந்தன. அதனால் சில பற்களுக்கு, சிகிச்சை முடியும் தறுவாயில், கழுத்தைச் சுற்றி அந்த நார்களை மட்டும் நுண்ணிய கத்தியால் அறுத்துவிடுவதுண்டு. அவை புது இடத்திலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ரிட்டெய்னர் என்ற தாங்கியை முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும் போடச் சொல்வதற்குக் காரணம் இந்த நார்கள்தான். பிறகு இரவில் மட்டும் போட்டால் போதும். கீழ்த்தாடை முன்பற்கள் கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆக நெருங்கி வரும் இயல்புடையவை. அதனால் அவற்றின் உள்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிப் பல ஆண்டுகள் விட்டுவைக்கிறார்கள். கம்பியைச் சுற்றிக் கறை படிவது எளிது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.